ரூப்ரிக் (மதிப்பீடு)

ரூப்ரிக் என்பது மாணவர்களின் ஒப்படைப்பு, கள அறிக்கை, செயல்திட்டம், கருத்தரங்க உரை போன்ற ஆக்கங்களை மதிப்பிடுவதற்காக முன்கூட்டியே எழுதிவைக்கப்படும் அட்டவணை ஆகும். எந்தெந்தக் கூறுகளைப் பார்த்து மதிப்பெண் இடப்படும், ஒவ்வொரு கூறிலும் எத்தகைய ஆக்கம் எந்த நிலையைப் பெறும், அந்நிலைக்கு எத்தனை புள்ளிகள் என்னும் மூன்றும் அதில் தரப்பட்டிருக்கும். தமிழில் இதனை மதிப்பீட்டு அட்டவணை எனலாம். எனினும் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ரூப்ரிக்ஸ் என்ற சொல்லே பெருவழக்காக உள்ளது.

இணையவழிக் கற்றல் மேலாண்மை ஒருங்கியங்கள் பரவிய பின்னர் ரூப்ரிக் தாளிலிருந்து திரைக்கு மாறியது. ஆசிரியர் ஒவ்வொரு கூறுக்கும் உரிய கட்டத்தைச் சொடுக்கினால், கூட்டலையும் மதிப்பெண் மாற்றத்தையும் மென்பொருள் செய்துவிடுகின்றது. ஆயினும் எது நல்ல ஆக்கம் என்று தீர்மானிக்கும் பணி மென்பொருளுடையது அன்று. அது ரூப்ரிக்கை எழுதும்போதே ஆசிரியரால் செய்யப்படுகின்றது. மாணவர் எழுதத் தொடங்கும் முன்னரே அத்தீர்மானம் அவருக்குத் தெரிந்திருப்பதே இம்முறையின் சிறப்பியல்பாகும்.

பெயர்

ரூப்ரிக் என்னும் சொல் செம்மண்ணைக் குறிக்கும் ரூப்ரிகா என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நடுக்கால ஐரோப்பியக் கையெழுத்துப் படிகளில் தலைப்புகளும், வழிபாட்டு நூல்களில் சடங்கை எவ்வாறு நடத்துவது என்ற அறிவுறுத்தல்களும் சிவப்பு மையால் எழுதப்பட்டன. அதனால் அவ்வறிவுறுத்தல்களுக்கு ரூப்ரிக் என்ற பெயர் ஏற்பட்டது. பின்னர் இச்சொல் விதி, வழிகாட்டுக் குறிப்பு என்ற பொருள்களைப் பெற்று, இருபதாம் நூற்றாண்டில் கல்வித்துறையில் மதிப்பீட்டு விதிகளைக் குறிக்கலாயிற்று.

அமைப்பு

ஒரு ரூப்ரிக் பொதுவாக நான்கு பகுதிகளைக் கொண்டது.

* பணி விளக்கம்: மாணவர் எதைச் செய்ய வேண்டும் என்பதைக் கூறும் ஓரிரு வரிகள்.
* கூறுகள்: மதிப்பிடப்படும் தனித்தனிப் பண்புகள். இவை அட்டவணையில் கிடைவரிசைகளாக அமையும். தரவு சேகரிப்பு, பகுப்பாய்வு, எழுத்துநடை என்பன சில எடுத்துக்காட்டுகள்.
* நிலைகள்: ஒவ்வொரு கூறிலும் எட்டக்கூடிய தரப்படிகள். இவை நெடுவரிசைகளாக அமையும். பெரும்பாலும் 3 முதல் 5 நிலைகள் வைக்கப்படுகின்றன.
* நிலை விளக்கங்கள்: ஒவ்வொரு கட்டத்திலும் எழுதப்படும் விளக்கம். அந்நிலையில் உள்ள ஆக்கம் எவ்வாறு இருக்கும் என்பதை இது கூறும்.

இந்நான்கனுள் நிலை விளக்கமே முதன்மையானது. "மிக நன்று", "நன்று", "சுமார்", "மோசம்" என்று மட்டும் எழுதப்பட்ட அட்டவணையை வல்லுநர்கள் ரூப்ரிக்காகக் கொள்வதில்லை. அது தர அளவுகோல் மட்டுமே. எது மிக நன்று என்பதை அது ஆசிரியருக்கும் சொல்வதில்லை, மாணவருக்கும் சொல்வதில்லை.

விடைக்குறிப்புடன் ஒப்பீடு

தமிழ்நாட்டு மாணவர்கள் நன்கு அறிந்த மதிப்பீட்டுக் கருவி விடைக்குறிப்பு ஆகும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு அரசுப் பொதுத்தேர்வு விடைத்தாள்கள் விடைக்குறிப்பின்படி திருத்தப்படுகின்றன. சூத்திரத்துக்கு ஒரு மதிப்பெண், பிரதியிடலுக்கு ஒரு மதிப்பெண், விடைக்கு ஒரு மதிப்பெண் என்ற வகையில் அது அமைந்திருக்கும். விடை ஒன்றே எனத் தெரிந்த வினாக்களுக்கு இம்முறை பொருத்தமானது.

கட்டுரை, வடிவமைப்பு, கள ஆய்வு போன்றவற்றுக்குச் சரியான விடை ஒன்று மட்டும் இல்லை. இரு மாணவர்கள் வெவ்வேறு முடிவுகளுக்கு வந்து இருவருமே சிறந்த ஆக்கத்தைத் தந்திருக்கக்கூடும். இத்தகைய பணிகளுக்கே ரூப்ரிக் தேவைப்படுகின்றது. விடைக்குறிப்பு விடையின் உள்ளடக்கத்தைக் கூறுகின்றது. ரூப்ரிக் ஆக்கத்தின் தரத்தை விவரிக்கின்றது. மேலும் விடைக்குறிப்பு தேர்வு முடிந்த பின்னரே வெளியில் தெரியவரும். ரூப்ரிக்கைத் தொடக்கத்திலேயே மாணவருக்கு வழங்கலாம், வழங்கவும் வேண்டும்.

வகைகள்

* பகுப்பு முறை: ஒவ்வொரு கூறும் தனியாக மதிப்பிடப்பட்டுப் பின்னர் கூட்டப்படும். மாணவர் எங்கு வலிமையாக உள்ளார், எங்கு பின்தங்கியுள்ளார் என்பது தெரியும். திருத்த அதிக நேரம் தேவைப்படும்.
* முழுமை முறை: ஆக்கம் முழுவதும் ஒரே நிலையில் வைக்கப்படும். விரைவானது. ஆனால் பின்னூட்டம் குறைவு.
* பொது ரூப்ரிக்: பல பணிகளுக்குப் பயன்படும். ஆய்வக அறிக்கை எதற்கும் பொருந்தும் ரூப்ரிக் இதற்கு எடுத்துக்காட்டாகும்.
* பணிசார் ரூப்ரிக்: குறிப்பிட்ட ஒரே பணிக்கு எழுதப்படுவது.

இணையவழி ஒருங்கியங்களில் பகுப்பு முறையே பெரிதும் கையாளப்படுகின்றது.

வரலாறு

ஒரே விடைத்தாளுக்கு வெவ்வேறு ஆசிரியர்கள் வெவ்வேறு மதிப்பெண் இடுகின்றனர் என்ற கண்டுபிடிப்பே இத்தகைய கருவிகளுக்கு வழிவகுத்தது. ஐக்கிய அமெரிக்காவில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்டு எலியட் ஆகிய இருவரும் 1912, 1913 ஆம் ஆண்டுகளில் ஒரே விடைத்தாளின் படிகளைப் பல பள்ளி ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் செய்தனர். ஆங்கில விடைத்தாளில் மட்டுமன்றி, சரி தவறு தெளிவாகத் தெரியும் எனக் கருதப்பட்ட வடிவியல் விடைத்தாளிலும் மதிப்பெண்கள் 28 முதல் 95 வரை வேறுபட்டன. அதே 1912 இல் மைலோ ஹில்லெகாஸ் மாணவர் கட்டுரைகளை ஒப்பிட்டு மதிப்பிடுவதற்கான மாதிரிக் கட்டுரைகள் அடங்கிய அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்.

1961 இல் பால் டீடெரிக்கும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில் 300 மாணவர் கட்டுரைகள் ஆறு துறைகளைச் சேர்ந்த 53 பேரால் 9 நிலைகளில் தரப்படுத்தப்பட்டன. ஐந்துக்குக் குறைவான வெவ்வேறு தரங்களைப் பெற்ற கட்டுரை ஒன்றுகூட இல்லை. 94 விழுக்காட்டுக் கட்டுரைகள் ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட வெவ்வேறு தரங்களைப் பெற்றன. திருத்தியோரில் சிலர் கருத்துக்கும், சிலர் பிழையற்ற மொழிக்கும், சிலர் ஒழுங்கமைப்புக்கும், வேறு சிலர் சொல்லாட்சிக்கும் நடைக்கும் முதன்மை தந்தமை இதற்குக் காரணமாகக் காணப்பட்டது. இக்கூறுகளைத் தனித்தனியே பிரித்து மதிப்பிடும் பகுப்பு முறைக்கு இவ்வாய்வு அடித்தளமாயிற்று.

2009 இல் அமெரிக்கக் கல்லூரிகள் மற்றும் பல்கலைக்கழகங்களின் சங்கம் எழுத்துத் தொடர்பாடல், திறனாய்வுச் சிந்தனை உள்ளிட்ட திறன்களுக்குப் பொது ரூப்ரிக்குகளை வெளியிட்டது. இவை பல நாடுகளில் மாதிரியாகக் கொள்ளப்பட்டன.

இந்தியாவில் நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் 2009 இல் அறிமுகப்படுத்தி 2017 இல் கைவிட்ட தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறையில் நிலை விளக்கங்கள் இடம்பெற்றன. தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறையுடன் இம்மதிப்பீடு நடைமுறைக்கு வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண்களும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண்களும் ஒதுக்கப்பட்டன. வகுப்பறைச் செயல்பாடுகளுக்கு மதிப்பெண் வழங்கும் பொறுப்பு இதனால் ஆசிரியரிடம் வந்தது. அம்மதிப்பெண்ணை எந்த அடிப்படையில் வழங்குவது என்ற கேள்வியும் உடன் எழுந்தது.

கற்றல் மேலாண்மை ஒருங்கியங்களில்

மூடுல்

மூடுல் என்பது ஆத்திரேலியாவைச் சேர்ந்த மார்ட்டின் டூகியாமாஸ் உருவாக்கிய கட்டற்ற கற்றல் மேலாண்மை ஒருங்கியம் ஆகும். இதன் முதற்பதிப்பு ஆகத்து 2002 இல் வெளியானது. உரிமக் கட்டணம் இல்லாமையால் இந்தியக் கல்லூரிகள் பலவும் இதனைத் தம் வழங்கிகளில் நிறுவிப் பயன்படுத்துகின்றன. 2011 ஆம் ஆண்டு இறுதியில் வெளியான 2.2 பதிப்பில் ஒப்படைப்புகளுக்கான ரூப்ரிக் வசதி சேர்க்கப்பட்டது. 2012 இல் வெளியான 2.3 பதிப்பில், நிலைகள் இன்றிக் கூறுகளுக்கு மட்டும் மதிப்பெண்ணும் குறிப்பும் இடும் திருத்தும் வழிகாட்டி என்ற மற்றொரு முறை சேர்க்கப்பட்டது.

மூடுலில் ரூப்ரிக்கின் பயன்பாடு பின்வருமாறு அமைகின்றது.

1. ஆசிரியர் ஒப்படைப்பை உருவாக்கும்போது மதிப்பிடும் முறையாக ரூப்ரிக்கைத் தெரிவு செய்கின்றார்.
2. கூறுகள், நிலைகள், புள்ளிகள் ஆகியவற்றை உள்ளிடுகின்றார். முன்னர் உருவாக்கிய ரூப்ரிக்கை வார்ப்புருவாக எடுத்தும் திருத்திக்கொள்ளலாம்.
3. மாணவர் சமர்ப்பித்த ஆக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு கூறிலும் ஒரு கட்டத்தைச் சொடுக்குகின்றார். எல்லாக் கூறுகளுக்கும் நிலை தெரிவு செய்யப்படும் வரை ஒருங்கியம் மதிப்பெண்ணை ஏற்காது.
4. கூறுதோறும் குறிப்பு எழுதலாம்.
5. ஒருங்கியம் புள்ளிகளைக் கூட்டி, ஒப்படைப்பின் மொத்த மதிப்பெண்ணுக்கு மாற்றி, மதிப்பெண் ஏட்டில் பதிகின்றது.

இதன் அமைப்புகளில் இரண்டு கருதத்தக்கவை. முதலாவது, மாணவர் ரூப்ரிக்கை முன்னரே பார்க்க அனுமதிக்கும் தெரிவு. இது நீக்கப்பட்டால் திருத்திய பின்னரே அட்டவணை மாணவருக்குத் தெரியும். அப்போது ரூப்ரிக் வழிகாட்டியாக இராமல் தீர்ப்பாக மட்டுமே நின்றுவிடும். இரண்டாவது, திருத்தத் தொடங்கிய பின் ரூப்ரிக்கை மாற்றினால், ஏற்கெனவே திருத்தப்பட்டவற்றை மறுமதிப்பீட்டுக்குக் குறிக்க வேண்டுமா என ஒருங்கியம் வினவும். பாதி மாணவர்களுக்கு ஒரு விதியும் மீதிப் பேருக்கு வேறு விதியுமாக அமைந்துவிடாமல் தடுப்பது இதன் நோக்கம்.

மூடுலின் பட்டறை என்னும் கூறில் சக மாணவர்களே ரூப்ரிக்கின்படி ஒருவர் ஆக்கத்தை மற்றவர் மதிப்பிடலாம். அங்கு மாணவருக்கு இரு மதிப்பெண்கள் கிடைக்கும். ஒன்று அவருடைய ஆக்கத்துக்கு உரியது. மற்றது அவர் பிறர் ஆக்கத்தை எவ்வளவு சரியாக மதிப்பிட்டார் என்பதற்கு உரியது.

பிற ஒருங்கியங்கள்

2014 இல் வெளியான கூகுள் கிளாஸ்ரூமில் பின்னர் ரூப்ரிக் வசதி சேர்க்கப்பட்டது. கேன்வாஸ், பிளாக்போர்டு ஆகிய வணிக ஒருங்கியங்களிலும் இவ்வசதி உண்டு. 2012 இல் தொடங்கிய கோர்செரா, எடெக்ஸ் போன்ற திறந்த இணையவழிப் பாடத் தளங்கள், பல்லாயிரம் பேரின் எழுத்துப் பணிகளை ஆசிரியர் ஒருவரே திருத்த இயலாமையால், ரூப்ரிக்குடன் கூடிய சக மாணவர் மதிப்பீட்டைக் கையாண்டன. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து நடத்தும் என்பிடெல் சான்றிதழ்ப் பாடங்களின் வாராந்திர ஒப்படைப்புகள் பெரும்பாலும் கணினியே திருத்தக்கூடிய வினாக்களாக அமைவதால் அங்கு ரூப்ரிக்கின் தேவை குறைவு.

எடுத்துக்காட்டு

பூந்தமல்லி, ஆவடி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த மேற்குச் சென்னைப் புறநகரில் பொறியியற் கல்லூரிகள் பல உள்ளன. அப்பகுதிக் கல்லூரி ஒன்றின் குடிசார் பொறியியல் மாணவர்களுக்குப் பின்வரும் ஒப்படைப்பு தரப்படுவதாகக் கொள்ளலாம்: "சென்னீர்குப்பத்தில் ஏதேனும் ஒரு தெருவின் மழைநீர் வடிகாலை ஆராய்ந்து, நீர் தேங்குவதற்கான காரணத்தையும் தீர்வையும் கூறும் அறிக்கை ஒன்றைச் சமர்ப்பிக்கவும்." இதற்கான ரூப்ரிக்கில் நான்கு கூறுகளும், கூறுக்கு நான்கு நிலைகளும் இருக்கலாம்.

கூறு 1: தரவு சேகரிப்பு

* 4 புள்ளிகள்: மழைக்கு முன்பும் மழையின்போதும் களத்துக்குச் சென்று, குறைந்தது ஐந்து இடங்களில் வடிகாலின் அகலம், ஆழம், நீர்மட்டம் ஆகியவற்றை அளந்து, நாளும் நேரமும் குறிக்கப்பட்டுள்ளன.
* 3 புள்ளிகள்: ஐந்து இடங்களில் அளக்கப்பட்டு நாளும் நேரமும் குறிக்கப்பட்டுள்ளன, ஆனால் ஒருமுறை மட்டுமே அளக்கப்பட்டுள்ளது.
* 2 புள்ளிகள்: ஐந்துக்குக் குறைவான இடங்களில் அளக்கப்பட்டுள்ளது, அல்லது நாளும் நேரமும் இல்லை.
* 1 புள்ளி: சொந்த அளவீடு இல்லை, பொதுக் கூற்றுகள் மட்டுமே உள்ளன.

கூறு 2: பகுப்பாய்வு

* 4 புள்ளிகள்: அளவீடுகளிலிருந்து வடிகாலின் கொள்திறன் கணிக்கப்பட்டு, மழைநீர் வரத்துடன் ஒப்பிடப்பட்டு, நீர் தேங்கும் ஒவ்வோர் இடத்துக்கும் காரணம் காட்டப்பட்டுள்ளது.
* 3 புள்ளிகள்: கணக்கீடும் ஒப்பீடும் சரி, ஆனால் சில இடங்களுக்கு மட்டுமே காரணம் காட்டப்பட்டுள்ளது.
* 2 புள்ளிகள்: கணக்கீட்டில் பிழை உள்ளது, அல்லது கூறிய காரணம் அளவீடுகளோடு தொடர்பற்றது.
* 1 புள்ளி: கணக்கீடு இல்லை.

கூறு 3: தீர்வு

* 4 புள்ளிகள்: எந்த இடத்தில் என்ன மாற்றம், எந்த அளவில், ஏறத்தாழ என்ன செலவில் எனக் கூறப்பட்டு, நீர் எங்குச் சென்று சேரும் என்பதும் காட்டப்பட்டுள்ளது.
* 3 புள்ளிகள்: இடமும் அளவும் உள்ளன, செலவோ நீர் சேருமிடமோ இல்லை.
* 2 புள்ளிகள்: "வடிகாலை அகலப்படுத்த வேண்டும்" என்பது போன்ற பொதுவான பரிந்துரை.
* 1 புள்ளி: தீர்வு இல்லை, அல்லது பகுப்பாய்வுக்கு முரணானது.

கூறு 4: எழுத்தும் சான்றும்

* 4 புள்ளிகள்: படங்களுக்கும் அட்டவணைகளுக்கும் தலைப்பு உண்டு, பிறரிடமிருந்து பெற்றவை அனைத்துக்கும் மூலம் சுட்டப்பட்டுள்ளது, கருத்து எளிதில் விளங்குகின்றது.
* 3 புள்ளிகள்: ஓரிரு இடங்களில் தலைப்போ மூலமோ விடுபட்டுள்ளது.
* 2 புள்ளிகள்: பல இடங்களில் விடுபட்டுள்ளது, அல்லது சில பகுதிகள் விளங்கவில்லை.
* 1 புள்ளி: மூலம் சுட்டாமல் எடுத்தாளப்பட்டுள்ளது.

இதனை முன்னரே படித்த மாணவர், வடிகாலை மழையின்போதும் சென்று பார்க்க வேண்டும் என்பதை அறிந்துகொள்வார். அதனை எவரும் தனியே சொல்லித்தர வேண்டியதில்லை. திருத்திய பின் பார்க்கும் மாணவர், தமக்குத் தரவு சேகரிப்பில் 3 புள்ளிகள் கிடைத்தது ஒருமுறை மட்டுமே சென்றமையால் என்பதை அறிவார். அவர் இருமுறை சென்றிருந்தால் அதனைச் சுட்டிக்காட்டி மறுபார்வை கோரவும் இயலும்.

மதிப்பெண் கணக்கீடு

ரூப்ரிக் புள்ளிகள் மதிப்பெண்ணாக மாற்றப்படும் முறை ஒருங்கியத்துக்கு ஒருங்கியம் வேறுபடும். இதனை அறியாமல் அமைத்தால் ஆசிரியர் எண்ணியதற்கு மாறான மதிப்பெண் பதியக்கூடும்.

மேற்கண்ட ரூப்ரிக்கில் அதிகபட்சம் 16 புள்ளிகள். குறைந்தபட்சம் 4 புள்ளிகள். மாணவர் ஒருவர் 3, 3, 2, 4 என 12 புள்ளிகள் பெறுவதாகவும், ஒப்படைப்புக்கு மொத்தம் 40 மதிப்பெண்கள் எனவும் கொண்டால், இருவகைக் கணக்கீடுகள் இயலும்.

* நேர் விகிதம்: 12 ÷ 16 = 0.75. எனவே 40 க்கு 30 மதிப்பெண்கள்.
* குறைந்தபட்சம் கழித்த விகிதம்: (12 − 4) ÷ (16 − 4) = 0.667. எனவே 40 க்கு 26.67 மதிப்பெண்கள்.

எல்லாக் கூறுகளிலும் மிகக் கீழ்நிலையைப் பெற்ற மாணவருக்கு முதல் முறையில் 10 மதிப்பெண்களும் இரண்டாம் முறையில் சுழியமும் கிடைக்கும். மூடுலில் ரூப்ரிக் முதலில் அறிமுகமானபோது இரண்டாம் முறையே பின்பற்றப்பட்டது. பின்னர் வந்த பதிப்புகளில் இவ்விரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யும் வசதி சேர்க்கப்பட்டது. கீழ்நிலைக்கு 0 புள்ளி வைத்தால் இரு முறைகளும் ஒரே விடையைத் தரும் என்பதால் இக்குழப்பம் எழாது.

கூறுகளுக்கு வெவ்வேறு முக்கியத்துவம் தர வேண்டுமாயின் அதற்கெனத் தனிப் பெட்டி மூடுலில் இல்லை. புள்ளிகளை மாற்றியே அதனைச் செய்ய வேண்டும். பகுப்பாய்வுக்கு இருமடங்கு முக்கியத்துவம் தர விரும்பினால் அதன் நிலைகளுக்கு 2, 4, 6, 8 எனப் புள்ளிகள் இடலாம்.

தமிழ்நாட்டுப் பொறியியற் கல்லூரிகளில்

இந்தியா 2014 சூனில் வாசிங்டன் உடன்பாட்டின் நிரந்தர உறுப்பு நாடானது. பொறியியற் பட்டங்களைப் பன்னாட்டளவில் ஏற்கும் இவ்வுடன்பாட்டில் இந்தியாவின் சார்பில் தேசிய அங்கீகார வாரியம் இடம்பெற்றுள்ளது. மாணவர் எதைக் கற்றார் என்பதை அளந்து காட்டும் பயன்சார் கல்வி முறையை இவ்வாரியம் வலியுறுத்துகின்றது. குழுப்பணி, தொடர்பாடல், அறநெறி போன்ற பயன்களை எழுத்துத் தேர்வால் மட்டும் அளக்க இயலாது என்பதால் அங்கீகாரம் நாடும் கல்லூரிகள் ரூப்ரிக்குகளைத் தயாரிக்கத் தொடங்கின. அனைத்திந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு நவம்பர் 2018 இல் வெளியிட்ட தேர்வுச் சீர்திருத்தக் கொள்கையும் ரூப்ரிக்குகளைப் பரிந்துரைத்தது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைவுக் கல்லூரிகளில் 2017 ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி எழுத்தியல் பாடங்களில் அகமதிப்பீட்டுக்கு 20 மதிப்பெண்களும் பருவ இறுதித் தேர்வுக்கு 80 மதிப்பெண்களும் இருந்தன. 2021 ஆம் ஆண்டு ஒழுங்குமுறை இதனை 40, 60 என மாற்றியது. அதன்படி ஒரு பருவத்தில் நடைபெறும் இரு மதிப்பீடுகள் ஒவ்வொன்றிலும் 100 மதிப்பெண்களுள் 60 எழுத்துத் தேர்வுக்கும், 40 ஒப்படைப்பு, நேர்வு ஆய்வு, கருத்தரங்கு, சிறு செயல்திட்டம் ஆகியவற்றுள் ஒன்றுக்கும் ஒதுக்கப்பட்டன. எனவே பாடத்தின் மொத்த 100 மதிப்பெண்களுள் 16 ஒப்படைப்பு வகைப் பணிகளைச் சார்ந்ததாயிற்று. தன்னாட்சிக் கல்லூரிகள் தமக்கென ஒழுங்குமுறைகளை வகுத்துக்கொள்கின்றன.

பருவ இறுதித் தேர்வின் விடைத்தாளை மாணவர் அறியாத ஒருவர் திருத்துகின்றார். விடைத்தாளின் ஒளிநகல் பெறவும் மறுமதிப்பீடு கோரவும் வழியுண்டு. ஒப்படைப்பையோ நாள்தோறும் வகுப்பில் காணும் ஆசிரியரே திருத்துகின்றார். வருகை, ஒழுக்கம், பழக்கம் ஆகியவை மதிப்பெண்ணில் கலந்துவிடும் வாய்ப்பு இங்கு மிகுதி. தமக்கு ஏன் 40 க்கு 24 கிடைத்தது என்று கேட்கத் தயங்கும் மாணவருக்குக் கூறுவாரியான விடையை ஒருங்கியத்தின் திரையிலேயே தருவதால், அகமதிப்பெண்ணின் பங்கு கூடும்தோறும் ரூப்ரிக்கின் தேவையும் கூடுகின்றது. நியாயமாகத் திருத்தும் ஆசிரியருக்கும், தம் மதிப்பெண்ணுக்குச் சான்று காட்ட அது உதவுகின்றது.

மார்ச் 2020 இல் கோவிட்-19 பெருந்தொற்றால் கல்லூரிகள் மூடப்பட்டபோது ஒப்படைப்புகள் பெருமளவில் இணையவழிக்கு மாறின. கற்றல் மேலாண்மை ஒருங்கியங்களை அதுவரை பயன்படுத்தாத ஆசிரியர்கள் பலரும் அப்போது பயன்படுத்தலாயினர்.

மொழியும் உள்ளடக்கமும்

தமிழ்நாட்டில் தமிழ்வழிப் பள்ளிகளில் பயின்று ஆங்கிலவழிப் பொறியியற் கல்லூரிகளில் சேரும் மாணவர்கள் கணிசமானோர். அண்ணா பல்கலைக்கழகம் 2010 இல் குடிசார், இயந்திரப் பொறியியல் பாடங்களைத் தமிழ்வழியிலும் தொடங்கியது. எனினும் பெரும்பாலான ஒப்படைப்புகள் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன.

முழுமை முறையில் திருத்தும்போது ஆங்கிலப் பிழைகள் மொத்த மதிப்பெண்ணையும் தாழ்த்திவிடக்கூடும். ஒரு பண்பைப் பற்றிய எண்ணம் மற்றப் பண்புகளின் மதிப்பீட்டையும் பாதிப்பதனை எட்வர்டு தோர்ண்டைக் 1920 இல் ஒளிவட்ட விளைவு எனப் பெயரிட்டு விளக்கினார். பகுப்பு முறை ரூப்ரிக்கில் மொழி ஒரே கூறினுள் அடங்குகின்றது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் நடை தடுமாறினாலும், ஐந்து இடங்களில் அளந்து சரியாகக் கணக்கிட்ட மாணவர் முதல் இரு கூறுகளில் முழுப் புள்ளிகளைப் பெற இயலும். மாறாக, மொழிக்கெனத் தனிக் கூறு வைத்துவிட்டு, மற்றக் கூறுகளின் விளக்கங்களிலும் "சரளமான நடையில்" என்று எழுதினால் ஒரே குறைக்கு மாணவர் பலமுறை புள்ளி இழப்பார். ரூப்ரிக்குகளில் காணப்படும் பொதுவான பிழைகளுள் இது ஒன்றாகும்.

நம்பகத்தன்மை

மதிப்பீட்டுக் கருவி எதற்கும் நம்பகத்தன்மையும் ஏற்புடைமையும் தேவை. யார் திருத்தினாலும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண் வருவது நம்பகத்தன்மை. அளக்க எண்ணியதையே அளப்பது ஏற்புடைமை. ஆண்டர்சு யோன்சன், குனில்லா சுவிங்பி ஆகியோர் 75 ஆய்வுகளைத் தொகுத்து 2007 இல் வெளியிட்ட கட்டுரை, ரூப்ரிக்கால் நம்பகத்தன்மை கூடக்கூடும் எனக் கண்டது. ரூப்ரிக் பகுப்பு முறையிலும் பணிசார்ந்தும் அமைந்து, மாதிரி ஆக்கங்களும் திருத்துவோருக்குப் பயிற்சியும் துணையிருந்தால் இப்பயன் மிகும் என்றும், ரூப்ரிக் இருப்பதனாலேயே மதிப்பீடு ஏற்புடையதாகிவிடாது என்றும் அது கூறியது.

பல பிரிவுகளுக்குப் பல ஆசிரியர்கள் திருத்தும் கல்லூரிகளில் பின்வரும் நடைமுறை பரிந்துரைக்கப்படுகின்றது. முதலில் சில ஆக்கங்களை அனைவரும் தனித்தனியே திருத்த வேண்டும். பின்னர் வேறுபட்ட கட்டங்களை ஒப்பிட்டு, வேறுபாட்டுக்குக் காரணமான நிலை விளக்கத்தைத் திருத்தி எழுத வேண்டும். அதன் பின்னரே மற்ற ஆக்கங்களைத் திருத்தத் தொடங்க வேண்டும்.

திறனாய்வுகள்

* செயம்சு பாப்பம் 1997 இல் எழுதிய கட்டுரையில், பல ரூப்ரிக்குகள் மிக நீண்டவையாகவோ, குறிப்பிட்ட பணியோடு மிகவும் ஒட்டியவையாகவோ, எதற்கும் பொருந்தும் அளவுக்குப் பொதுவானவையாகவோ அமைந்து கற்பித்தலுக்குப் பயனற்றுப் போவதாகச் சுட்டினார்.
* ஆல்பி கோன் 2006 இல், ரூப்ரிக்குகள் எழுத்தை ஒரே அச்சில் வார்க்கின்றன என்றும், மாணவரின் கவனத்தைக் கற்றலிலிருந்து மதிப்பெண்ணுக்குத் திருப்புகின்றன என்றும் வாதிட்டார்.
* ஆத்திரேலியக் கல்வியாளர் ராய்சு சாட்லர், சிறந்த ஆக்கத்தின் பண்புகள் அனைத்தையும் முன்கூட்டியே பட்டியலிட இயலாது என்றும், கூறுகளின் கூட்டுத்தொகை ஆக்கத்தின் முழுத் தரத்தோடு எப்போதும் ஒத்துவராது என்றும் எடுத்துக்காட்டினார்.

அங்கீகாரக் குழுவுக்குக் காட்டுவதற்காக மட்டும் பருவ இறுதியில் நிரப்பப்படும் ரூப்ரிக், மாணவருக்கு எவ்வகையிலும் பயன்படுவதில்லை. மேலும் நவம்பர் 2022 இல் சாட்சிபிடி வெளியான பின்னர், பிழையற்ற நடையும் ஒழுங்கான அமைப்பும் கொண்ட அறிக்கையை மாணவரின் முயற்சியின்றியே பெறுவது எளிதாயிற்று. எனவே நடை, வடிவம் ஆகியவற்றுக்கு மிகுதியான புள்ளிகள் தரும் ரூப்ரிக்குகள் மதிப்பிழந்துவருகின்றன. களத்தில் எடுத்த அளவீடு, பணியின் இடைநிலைப் படிகள், வாய்மொழி விளக்கம் போன்றவற்றைக் கூறுகளாகச் சேர்ப்பது இதற்கு ஒரு மாற்றாகக் கருதப்படுகின்றது.

நல்ல ரூப்ரிக்கின் இயல்புகள்

* கூறுகள் நான்கு முதல் ஆறு வரை இருத்தல். மிகுதியான கூறுகள் திருத்துவோரைச் சோர்வடையச் செய்யும்.
* நிலை விளக்கங்கள் கண்ணால் கண்டு உறுதிசெய்யத்தக்கவற்றைக் கூறுதல். "ஆழமான ஆய்வு" என்பதைவிட "ஒவ்வோர் இடத்துக்கும் காரணம் காட்டப்பட்டுள்ளது" என்பது தெளிவானது.
* ஒரே குறை இரு கூறுகளில் எண்ணப்படாதிருத்தல்.
* கீழ்நிலை விளக்கமும் மாணவரை இழிவுபடுத்தாமல், எது இல்லை என்பதை மட்டும் கூறுதல்.
* பணி தரப்படும் நாளிலேயே மாணவருக்குக் கிடைத்தல்.
* திருத்தத் தொடங்கிய பின் மாற்றப்படாதிருத்தல். மாற்றினால் அனைவருக்கும் மறுமதிப்பீடு செய்தல்.

இவற்றையும் பார்க்க

* கற்றல் மேலாண்மை ஒருங்கியம்
* மூடுல்
* வளரறி மதிப்பீடு
* தொகுத்தறி மதிப்பீடு
* பயன்சார் கல்வி
* வாசிங்டன் உடன்பாடு